ஒரே மேஜை

ராத்திரி எட்டு மணி. ஆபீஸ் ஃபைலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பிள்ளை ஹோம்வொர்க் நோட்டோடு வந்து நிற்கிறது. ‘போய் அம்மாகிட்ட கேளு!’ என்று விரட்டுவோம். இல்லாவிட்டால், தொல்லை விட்டது என்று விடையை நாமே சொல்லிவிடுவோம்.

இருநூறு வருடங்களுக்கு முன்னால் லண்டனில் ஓர் அப்பா இந்த இரண்டையுமே செய்யவில்லை.

பெயர் ஜேம்ஸ் மில். இந்தியாவை எட்டிக்கூடப் பார்க்காமல் இந்திய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதித் தள்ளினாரே... அதே மில்தான்! 1806-ல் அந்தப் புத்தகத்தைத் தொடங்கினார். அதே வருடம் மூத்த மகன் ஜான் ஸ்டூவர்ட் பிறந்தான். பையனை ஸ்கூலுக்கே அனுப்பவில்லை. மூன்று வயதில் கிரேக்கம்! கிரேக்க அகராதிகளோ அன்றைக்கு லத்தீனில்தான் அர்த்தம் சொல்லும். பையனுக்கு லத்தீன் தெரியாது. அதனால் அப்பா எழுதும் அதே மேஜையில் உட்கார்ந்து, வார்த்தைக்கு வார்த்தை அவரையே கேட்பான். மில்லுக்குப் பொறுமை என்பதே கிடையாது. ஆனாலும், எழுதுவதை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வார்.

ஆனால், யோசித்தால் தெரியக்கூடிய விஷயமென்றால்? மூச்சு விட மாட்டார்! பையன் முட்டி மோதிக் களைத்த பிறகுதான் விளக்கம். காலையில் டிபனுக்கு முன்னால் இருவரும் வாக்கிங் போவார்கள். முதல் நாள் படித்ததைத் துண்டுச்சீட்டில் குறித்துவைத்துக்கொண்டு, பையன் கதையாகச் சொல்லிக்கொண்டே வருவான்.

அந்தப் பையன்தான் பின்னாளில் உலகம் கொண்டாடிய தத்துவ மேதை ஜான் ஸ்டூவர்ட் மில்.

சுபம் போட்டுவிடலாமா? பொறுங்கள். பையனுக்கு லீவு கிடையாது. சம வயதுப் பிள்ளைகளோடு சகவாசம் கிடையாது. 1826-ல், இருபது வயதில், மனசு அப்படியே உட்கார்ந்துவிட்டது. எதிலும் பிடிப்பில்லை. மாதக்கணக்கில் இருட்டு. அப்பாவிடம் சொல்லலாமா? இந்த விஷயத்தில் அவரிடம் மட்டும் போகவே முடியாது என்று தோன்றியது. பிறகொரு நாள் மார்மோன்தெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்பைப் படித்தார். தகப்பனைப் பறிகொடுத்த சிறுவன் குடும்பத்தைத் தேற்றுகிற இடம். கண்ணீர் வந்தது. பாரம் இறங்கத் தொடங்கியது.

1873-ல் வெளியான சுயசரிதையில், அப்பா யோசிக்கக் கற்றுக்கொடுத்ததை மில் மெச்சுகிறார். குறை ஒன்றையும் மறைக்கவில்லை... பிள்ளைகளிடம் அவர் கனிவாக இல்லை!

கிரேக்க வார்த்தைக்கு அர்த்தம் கேட்க முடிந்த அதே அப்பாவிடம், ‘மனசு சரியில்லைப்பா’ என்று சொல்ல முடியவில்லை.

இன்று ராத்திரி நோட்டோடு பிள்ளை வந்தால், விடையைச் சொல்லாதீர்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவையுங்கள். கூடவே, ‘இன்னிக்கு யாரோட விளையாடினே?’ என்றும் கேளுங்கள்.