திரையின் இணைப்புத் தரம் அறிதல்

ஒரு மானிட்டரோ தொலைக்காட்சியோ எந்த இணைப்பின் வழியே, எவ்வளவு வேகம் வரை படத்தை வாங்கிக்கொள்ளும் என்பதைக் கண்டறியும் முறைகள். பெட்டியின் மேல் அச்சிட்ட பதிப்பு எண்ணை நம்பினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். திரை கணினியிடம் தன்னைப் பற்றிச் சொல்லும்போது அந்த எண்ணுக்கு வேலையே இல்லை. தாங்கும் வேகம்தான் பேசப்படுகிறது.

1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளுடன் கொண்டுவந்த விஜிஏ இணைப்பில் 15 முனைகள் இருந்தன. அவற்றில் சிலவற்றைத் தரையோடு சேர்த்தோ சேர்க்காமலோ விட்டு, இணைந்திருப்பது வண்ணத் திரையா கறுப்பு வெள்ளையா என்று காட்டினார்கள். அதற்குமேல் அதிகம் சொல்ல வழியில்லை. மானிட்டர் தாங்காத அதிர்வெண்ணைப் பயனர் தேர்ந்தெடுத்தால் படம் கலைந்துபோகும்.

1989இல் உருவான வெசா அமைப்பு 1994இல் இதற்கு ஒரு தீர்வு கண்டது. திரைக்குள் ஒரு சிறு நினைவகம். அதில் இடிஐடி எனப்படும் 128 பைட் அளவிலான தன்விவரக் குறிப்பு. தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறியீடு, தயாரித்த ஆண்டு, திரையின் நீள அகலம், விரும்பும் தெளிவு ஆகியவை அதில் இருக்கும். பழைய விஜிஏ அடையாள முனைகளில் இரண்டையே இந்தக் குறிப்பைப் படிக்கும் கம்பிகளாக மாற்றிக்கொண்டார்கள். புதிய இணைப்பான் தேவைப்படாத சிக்கனமான யோசனை.

1999இல் வந்த டிவிஐ ஒற்றை இணைப்பு நொடிக்கு 16.5 கோடி பிக்சல் வரை, அதாவது 165 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கியது. இரண்டே ஆண்டில் ஐபிஎம்மின் டி220, டி221 திரைகள் 3840×2400 பிக்சலுடன் அந்த வரம்பை அற்பமாக்கின. ஒற்றை இணைப்பில் படம் நொடிக்கு 13 முறை அளவுக்கே புதுப்பிக்கப்பட்டது. நான்கு இணைப்புகளையும் பூட்டினால்தான் 41. திரை பெரிதாக வளர, குழாய் சிறுத்துப்போன கதை அங்கிருந்து இன்றுவரை தொடர்கிறது.

எச்டிஎம்ஐ 2002இல் அதே 165 மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்கியது. 2006இல் வந்த 1.3 பதிப்பு அதை 340 ஆக்கியது. 4கே படத்தை நொடிக்கு 30 முறை காட்ட 297 மெகாஹெர்ட்ஸ் போதும்; 60 முறை காட்ட 594 வேண்டும். அதைத் தாங்க நொடிக்கு 18 ஜிகாபிட் கொண்ட 2.0 பதிப்பு 2013இல் வந்தது. குழப்பமும் அதனுடனேயே வந்தது. நிற விவரத்தைக் குறைத்து அனுப்பும் 4:2:0 முறையில் 4கே 60 படமும் 297 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். எனவே பழைய வேகமே உள்ள தொலைக்காட்சிகளும் 2.0 என்று பெயர் சூட்டிக்கொள்ள முடிந்தது. திரைப்படம் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கணினியை மாட்டி, கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்துகளைப் படிக்க முயன்றவருக்குத் தெரிந்துவிடும்.

உண்மையைக் காட்டுவது இடிஐடியின் நீட்சிப் பகுதி. அதிலுள்ள எச்டிஎம்ஐ தொகுதியில் உச்ச வேகம் 5 மெகாஹெர்ட்ஸ் அலகுகளில் எழுதப்பட்டிருக்கும்: 68 என்றால் 340. 2.0க்கென வந்த இரண்டாவது தொகுதியில் 120 இருந்தால் 600, அதாவது முழு 18 ஜிகாபிட். லினக்ஸில் இடிஐடி-டிகோட் என்ற கருவி இதை வரிவரியாக விரித்துக் காட்டும். ஒரே தொலைக்காட்சியில்கூட ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனிக் குறிப்பு இருக்கலாம். அமைப்புப் பட்டியலில் ‘மேம்பட்ட வடிவம்’ போன்ற தேர்வை மாற்றினால் பல தொலைக்காட்சிகள் வேறொரு குறிப்பையே நீட்டுகின்றன. 4கே திரை 30 ஹெர்ட்ஸிலேயே நின்றால் புதுக் கேபிள் வாங்குமுன் அதைத்தான் பார்க்க வேண்டும்.

2017இல் வெளியான 2.1 பதிப்பின் உச்சம் 48 ஜிகாபிட். ஆனால் அந்த வேகம் கட்டாயமில்லை. பல தொலைக்காட்சிகள் 40இலேயே நின்றுகொள்கின்றன. 2.0 என்பது தனித் தரமாக இனி இல்லை, அதன் அம்சங்கள் 2.1க்குள் அடக்கம், புதிய அம்சங்கள் எல்லாம் விருப்பத்துக்குரியவை என்று உரிமம் வழங்கும் நிறுவனம் 2021இல் உறுதிப்படுத்தியது. அதோடு பெட்டிமேல் உள்ள எண்ணுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொருளும் போயிற்று.

2006இல் பிறந்த டிஸ்பிளேபோர்ட் இவ்விஷயத்தில் நேர்மையானது. திரை தன் உச்ச வேகத்தையும் தடங்களின் எண்ணிக்கையையும் தனிப் பதிவேடுகளில் வைத்திருக்கிறது. கணினி அவற்றைப் படித்து, கேபிள் வழியே சோதனைச் சமிக்ஞை அனுப்பிப் பார்த்து, பிழை வந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆயினும் 2013ஆம் ஆண்டின் முதல் 4கே மானிட்டர்கள் சில, ஒரே கேபிளில் வந்தும் கணினிக்கு 1920×2160 அளவுள்ள இரண்டு திரைகளாகத் தெரிந்தன.

1994இன் குறிப்பில் பிக்சல் வேகத்துக்கு ஒதுக்கிய இடம் இரண்டு பைட், 655.35 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அதில் எழுத முடியாது. 4கே 120க்கு வேண்டியது 1188. அதனால் அந்த விவரம் நீட்சித் தொகுதியில் வெறும் பட்டியல் எண்ணாகவோ, 2007இல் வெசா வகுத்த டிஸ்பிளேஐடி வடிவிலோ பதிகிறது.