அன்றாட ஆங்கிலத் தொடர்கள்: சித்தாண்டி வட்டாரத்தில் கற்றலும் விளக்கமும்

அன்றாட ஆங்கிலத் தொடர்கள் என்பவை, சொல்லுக்குச் சொல் அகராதி பார்த்தாலும் பொருள் பிடிபடாத பேச்சுவழக்குகள். 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. இரண்டும் தெரிந்த பிள்ளைக்கும் 'கிவ் அப்' என்றால் கைவிடுதல் என்று யாராவது சொல்லித்தான் தெரியவேண்டும். மரபுத்தொடர்கள், வினையோடு சிறுசொல் ஒட்டி வேறு பொருள் தரும் கூட்டுவினைகள், நலம் விசாரிக்கிற சம்பிரதாயப் பேச்சு, அலுவலகக் குறிச்சொற்கள் ஆகியவை இதில் அடங்கும். இவற்றை ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவருக்கு விளங்கவைப்பது மொழிக் கல்வியில் தனிப் பிரிவாகவே வளர்ந்திருக்கிறது. மட்டக்களப்பு வாவிப் பகுதியில் அது எப்படி இருக்கிறது என்பதைச் சித்தாண்டியை நடுவில் வைத்து இக்கட்டுரை சொல்கிறது.

இடமும் தேவையும்

சித்தாண்டி மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றரில், திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதியில், ஏறாவூர்ப்பற்றுப் பிரதேசத்தில் உள்ள ஊர். சித்திரவேலாயுத சுவாமி கோயிலால் பெயர்பெற்றது. வயலும் மாடும் மீனும் பழைய பிழைப்பு. தெற்கே சில கிலோமீற்றரில் வந்தாறுமூலை, அங்கே கிழக்குப் பல்கலைக்கழகம். வடக்கே போனால் பாசிக்குடாக் கடற்கரை. 2009இல் போர் முடிந்தபின் அங்கே ஹொட்டேல்கள் வரிசையாக எழுந்தன.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆங்கிலம் வேண்டியிருக்கிறது. தெற்கே விரிவுரை ஆங்கிலம், வடக்கே விருந்தாளி ஆங்கிலம். விரிவுரை ஆங்கிலம் கடினமானது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதை அகராதியும் பொறுமையும் இருந்தால் தாண்டிவிடலாம். 'ஒளித்தொகுப்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்கு எந்த நாட்டிலும் ஒரே பொருள்தான். காலைச் சாப்பாட்டு மேசையில் வெள்ளைக்காரர் சொல்லும் மூன்று சின்னச் சொற்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

வந்த வழி

மட்டக்களப்புத் தமிழுக்கு அந்நியச் சொல் புதிதல்ல. கதிரை, அலுமாரி, சப்பாத்து போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. கந்தோரும் லாச்சியும் ஒல்லாந்தருடையவை. இவையெல்லாம் பொருள்களின் பெயர்கள். பொருளோடு வந்தன, பொருளோடு தங்கிவிட்டன. ஆங்கிலமும் முதலில் அப்படித்தான் பஸ், கொப்பி, பென்சில் என்று வந்தது. பேச்சுமுறை பின்னால் வந்தது, அதுவும் எல்லோருக்கும் வரவில்லை.

1814இல் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814இலிருந்து கணக்கிடுகிறது. புனித மிக்கேல் கல்லூரி 1873இல் வந்தது. ஆங்கிலம் நகரத்துப் பள்ளிகளில் வளர்ந்தது, கிராமத்துப் பள்ளிகளில் தமிழ்மட்டும் இருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் மத்திய கல்லூரித் திட்டத்தில் வந்தாறுமூலைக்கும் ஒரு பாடசாலை கிடைத்தது. அந்த வளவில்தான் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது.

1956இன் தனிச் சிங்களச் சட்டம் ஆங்கிலத்தை அரச கருமங்களிலிருந்து இறக்கியது. ஆனால் அதன் மதிப்பு இறங்கவில்லை. தென்னிலங்கை மாணவர்கள் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று பட்டப்பெயர் வைத்தார்கள், சிங்களத்தில் வாள். ஆங்கிலம் தெரிந்தவன் தெரியாதவனை வெட்டிச் சாய்ப்பான் என்று அர்த்தம். மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் இந்தச் சொல்லை வைத்தே ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. கிராமத்துப் பிள்ளைக்கு அது இன்னமும் வாளாகவும் பாலமாகவும் மாறிமாறித் தெரிகிறது.

எங்கே இடறுகிறது

இடறல் பெரிய சொற்களில் நிகழ்வதில்லை. ஹொட்டேலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனை எண்ணிப் பார்ப்போம். விருந்தாளி கேட்கிறார்: 'டோன்ட் யூ ஹேவ் ஃபிஷ் டுடே?' இன்றைக்கு மீன் இல்லையா என்று பையனுக்கு நன்றாகவே விளங்கிவிட்டது. மீன் இல்லை. தமிழில் 'ஓம், இல்லை' என்பதே சரியான மறுமொழி. ஆகவே 'யெஸ்' என்கிறான். விருந்தாளி மீனுக்காகக் காத்திருக்கிறார். தமிழ் 'ஓம்' கேட்டவரின் எண்ணத்தை ஆமோதிக்கிறது, ஆங்கில 'யெஸ்' மீன் இருப்பதை உறுதிசெய்கிறது. ஒரு சொல்லும் தெரியாமல் போகவில்லை, ஆனாலும் சாப்பாடு பிழைத்துவிட்டது.

'டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?' என்பது இதே குடும்பம். 'யெஸ், யெஸ்' என்று பையன் உபசாரத்தோடு சொன்னால், இங்கே இருப்பதில் எனக்கு ஆட்சேபம் உண்டு என்றாகிவிடும். சோறு இன்னும் வைக்கட்டுமா என்று கேட்கும்போது வரும் 'ஐ'ம் குட்' என்பதற்கு நான் நல்லவன் என்று பொருளில்லை, போதும் என்று பொருள். அமெரிக்கர் 'செக்' கேட்டால் காசோலை தேட வேண்டாம், பில்லைக் கொடுத்தால் சரி. 'ஒன் த ஹவுஸ்' என்றால் கூரையில் ஏறத் தேவையில்லை. கடைக்காரர் காசு வாங்காமல் தருகிறார்.

காலநிலையும் காலை வாரும். ஆங்கிலேயரின் அன்பு சூடானது. 'வார்ம் வெல்கம்' என்று மனம் நிறைந்த வரவேற்பைச் சொல்வார்கள். 'கோல்ட் ஷோல்டர்' காட்டினால் முகம்கொடுக்கவில்லை என்று பொருள். வெயிலில் வேகும் மண்ணில் பிறந்த தமிழுக்கு நல்லதெல்லாம் குளிர்ச்சி. கண்குளிரப் பார்க்கிறோம், மனம் குளிர்ந்துபோகிறோம், வயிறு எரிந்தால் பொறாமை. கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் சூடான வரவேற்பு என்று மொழிபெயர்த்துச் சொன்னால், வந்தவரை வெயிலில் நிறுத்தினார்களோ என்றுதான் தோன்றும். 'ரெய்னி டே' இன்னும் சிக்கல். கஷ்டகாலத்துக்குச் சேர்த்துவைக்கும் காசை ஆங்கிலேயர் மழைநாளுக்கு என்று சொல்கிறார்கள். பெரும்போகத்துக்கு வானத்தைப் பார்த்திருக்கும் விவசாயிக்கு மழைநாள் கஷ்டகாலமா? ஆனால் மாரி வெள்ளம் வீட்டுக்குள் வந்த வருஷங்களும் சித்தாண்டிக்கு உண்டு. அந்த நினைவைத் தொட்டுச் சொன்னால் இந்தத் தொடர் உடனே ஒட்டிக்கொள்ளும்.

விளையாட்டு ஒரு பக்கம் கைகொடுக்கும், மறுபக்கம் கைவிடும். வயல்வெளியில் மென்பந்து ஆடும் பிள்ளைக்கு 'ஸ்டம்ப்ட்' என்றால் திக்குமுக்காடிப்போதல், 'ஹிட் ஃபோர் சிக்ஸ்' என்றால் நிலைகுலையவைத்தல் என்று ஒருமுறை சொன்னால் போதும். 2004 டிசம்பர் 26இன் கடற்கோளுக்குப் பின் மட்டக்களப்புக்கு வந்திறங்கிய உதவி நிறுவனங்களின் ஆங்கிலமோ வேறு ஆட்டத்தைச் சேர்ந்தது. 'டச் பேஸ்', 'போல்பார்க் ஃபிகர்' எல்லாம் பேஸ்போலிலிருந்து வந்தவை. முதலாவது சுருக்கமாகத் தொடர்புகொள்வது, இரண்டாவது உத்தேசக் கணக்கு. ஆட்டத்தையே பார்க்காதவருக்கு இதன் உருவகம் உதவாது. பொருளை நேராகச் சொல்லிவிட்டு நகர்வதே நல்லது.

நன்னூலும் ஆங்கிலமும்

விபுலாநந்த அடிகள் 1926இல் வெளியிட்ட 'மதங்கசூளாமணி' ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தின் கண்ணால் பார்த்தது. காரைதீவில் பிறந்து மட்டக்களப்பு நகரத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் படித்தவர் அவர். ஆங்கிலத்தை விளக்க ஆங்கிலத்திடமே போகத் தேவையில்லை என்ற வழி, ஆக, இந்த மண்ணில் ஏற்கெனவே போடப்பட்டதுதான். அன்றாடத் தொடர்களுக்கும் அது பொருந்தும். அதற்கு வேண்டிய கருவி நம் இலக்கணத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து கிடக்கிறது.

நன்னூல் என்ற அந்த இலக்கண நூல், நேர்ச்சொல்லை விட்டுத் தகுதியான வேறு சொல்லால் சொல்லும் தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கிறது. இடக்கரடக்கல்: அவையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது, கால் கழுவி வந்தேன் என்பது போல. ஆங்கிலப் பெண்மணி 'பவுடர் மை நோஸ்' என்று எழுந்து போவதும் அதுவே. மங்கலம்: செத்தாரைத் துஞ்சினார் என்பது, 'பாஸ்ட் அவே' அதன் உடன்பிறப்பு. குழூஉக்குறி: பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுபோல ஒரு கூட்டத்துக்குள் வழங்குவது, 'டச் பேஸ்' போன்ற அலுவலகப் பேச்சு முழுதும் இதற்குள் விழும். பாடசாலையில் தமிழ் இலக்கணம் படிக்கும் பிள்ளைக்கு இந்த மூன்று பெட்டிகளும் கையில் இருக்கின்றன. ஆங்கில வகுப்பில் அவற்றைத் திறந்துகாட்டும் ஆசிரியர் குறைவு என்பதே குறை.

'சேஃப் அண்ட் சவுண்ட்', 'ஒட்ஸ் அண்ட் எண்ட்ஸ்' போன்றவற்றுக்கு நம்மிடம் இணைமொழி என்ற பெயரே உண்டு. 'அக்கம் பக்கம்' என்பதில் அக்கம் என்றால் என்ன என்று நாம் கேட்பதில்லை; 'ஒட்ஸ்' என்றால் என்ன என்று கேட்கவும் தேவையில்லை.

மாணவர் மிக அஞ்சும் கூட்டுவினைகளுக்கும் தமிழ் துணைவினை வழி காட்டும். 'புட் ஒஃப்' பிற்போடுதல், 'புட் ஒன்' அணிதல், 'புட் அவுட்' அணைத்தல், 'புட் அப் வித்' சகித்தல். 'புட்' ஒன்றுதான், பொருள் நாலு. அநியாயம் என்று தோன்றும். 'வந்து தொலை' என்பதில் எதைத் தொலைக்கச் சொல்கிறோம்? 'படிச்சுக் கிழிச்சான்' என்றால் புத்தகத்தையா கிழித்தான்? தமிழ் படிக்க வரும் வெள்ளைக்காரரும் இதே அநியாயத்தை நமக்கு எடுத்துச்சொல்ல முடியும். தன் மொழியும் வெளியாளுக்குப் புதிர்தான் என்று கண்டுகொண்ட பிள்ளைக்கு ஆங்கிலத்தின் மீதுள்ள பயத்தில் பாதி போய்விடும்.

சம்பிரதாயப் பேச்சும் அப்படியே. 'சாப்பிட்டாச்சா?' என்று வீதியில் கேட்பவர் சோறு போடப் போவதில்லை. 'ஹவ் ஆர் யூ?' என்பவரும் நம் முழங்கால் வலியைக் கேட்கத் தயாராக இல்லை. இத்தகைய பேச்சுக்கு மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923இல் தனிப் பெயரே வைத்தார்: செய்தி சொல்லாமல் உறவை மட்டும் பேணும் பேச்சு.

துணைநூல்கள்

அந்நியர் ஆங்கிலம் கற்பதற்கான முதல் நல்ல அகராதிகள் இங்கிலாந்தில் பிறக்கவில்லை, ஆசிய வகுப்பறைகளில் பிறந்தன. வங்காளத்தில் டாக்காவில் கற்பித்த மைக்கல் வெஸ்ட், ஜேம்ஸ் எண்டிகொட்டோடு சேர்ந்து 1935இல் ஓர் அகராதி வெளியிட்டார். அதில் ஏறத்தாழ 24,000 பதிவுகளும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கப்பட்டன. ஜப்பானில் கற்பித்த ஏ. எஸ். ஹோர்ன்பி தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. தொடர்களையும் வாக்கிய அமைப்பையும் முதன்மையாகக் கொண்ட நூல் அது. 1948இல் ஒக்ஸ்போர்ட் அதை எடுத்துக்கொண்டது. இன்று உலகம் முழுதும் மேசையில் கிடக்கும் ஒக்ஸ்போர்ட் மாணவர் அகராதி அதன் வழிவந்ததே. 1987இல் ஜோன் சின்கிளேயர் தலைமையில் வந்த கோபில்ட் அகராதி, கணினியில் திரட்டிய உண்மைப் பேச்சையும் எழுத்தையும் அடிப்படையாக்கி, சொற்களை முழு வாக்கியத்தில் வைத்து விளக்கியது. மனிதர் சொற்களை ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுப்பதைவிட, ஆயத்தமாகக் கிடக்கும் தொடர்களாகவே பெரும்பாலும் எடுத்துப் பேசுகிறார்கள் என்பது சின்கிளேயரின் முடிவு.

இந்த முடிவு ரியூசன் வகுப்புகளுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. வெளிநாடு போக ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதுவோர் அங்கே மரபுத்தொடர்களைப் பட்டியலாக மனனம் செய்கிறார்கள். பேச்சுத் தேர்வின் உயர் மட்டங்களுக்கான அளவுகோலில் மரபுவழிச் சொல்லாட்சி குறிப்பிடப்பட்டிருப்பதே காரணம். பலன், அடைமழையைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் 'கேட்ஸ் அண்ட் டொக்ஸ்' பொழிவிக்கிறார்கள். இங்கிலாந்தில் இன்று பேசுவோர் வாயில் நாயும் பூனையும் அவ்வளவு பெய்வதில்லை. ஒரு தொடரை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்வார் என்பதைச் சேர்த்துச் சொல்லாத பட்டியல், விலாசம் எழுதாத கடிதம்.

ஓரக்குறிப்புகள்

தமிழ் மாணவர் ஆங்கிலத் தொடர்களை எதிர்கொள்ளும் விதத்தை மிக நெருக்கத்தில் பதிவுசெய்தவர் சுரேஷ் கனகராஜா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாம் கற்பித்த முதலாண்டு வகுப்பொன்றை ஆராய்ந்து 1993இல் கட்டுரையாகவும், பின்னர் 1999இல் வெளிவந்த நூலிலும் எழுதினார். பாடநூல் அமெரிக்காவுக்காக எழுதப்பட்டது. அதிலுள்ள வீடுகளும் வேலைகளும் உரையாடல்களும் போருக்குள் இருந்த பிள்ளைகளுக்கு வேறு கிரகம். மாணவர்களிடமிருந்து புத்தகங்களைத் திரும்ப வாங்கிப் பார்த்தபோது ஓரங்களில் தமிழில் எழுத்தும் படங்களும் நிறைந்திருந்தன. அந்நியப் பாத்திரங்கள் உள்ளூர் வேடம் பூண்டிருந்தன. வகுப்பில் வாய்திறக்காத பிள்ளைகள் ஓரத்தில் தங்களுக்கேற்ற விளக்கவுரையை எழுதி முடித்திருந்தார்கள். வாவிக்கரைப் பள்ளிகளின் பழைய ஆங்கிலக் கொப்பிகளைப் புரட்டினாலும் ஆங்கில வரிக்கு மேலே பென்சிலில் தமிழ் எழுத்தில் எழுதிய உச்சரிப்பும் பக்கத்தில் சிறு பொருளும் கிடைக்கும். ஆசிரியர்கள் இதைக் கெட்ட பழக்கம் என்று கண்டிப்பார்கள். இவ்வெழுத்தாளருக்கு அது படிப்பின் முதல் அடையாளமாகவே படுகிறது.

எதிர்த்திசை

விளங்காமை ஒருவழிப் பாதையல்ல. இலங்கை ஆங்கிலத்துக்கென்று வழக்குகள் உண்டு. மைக்கல் மெய்லர் 2007இல் அவற்றைத் தனி அகராதியாகவே தொகுத்தார். 'ஷோர்ட் ஈட்ஸ்' என்றால் ரோல்ஸும் பற்றிஸும் என்பது இலண்டனிலிருந்து வந்தவருக்குத் தெரியாது. 'வட் டு டூ?' என்பது நம் 'என்ன செய்யிறது?', கேள்விக்குறி இருந்தாலும் யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. அந்நியரோ யோசனை சொல்லத் தொடங்கிவிடுவார்.

விடைபெறும்போது 'போறன்' என்று சொல்வது நம்மிடம் அமங்கலம். 'போயிட்டு வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலம் பேசும்போதும் அந்தக் கூச்சம் நாக்கில் நிற்கிறது. பாசிக்குடாவில் பகல் முழுதும் வெள்ளைக்காரரைப் படகில் கொண்டுதிரிந்த பையன் பின்னேரம் காசை வாங்கிக்கொண்டு, மரியாதை குறையாமல் 'ஐ'ல் கோ அண்ட் கம்' என்று சொல்லிவிட்டு சித்தாண்டி பஸ்ஸில் ஏறிவிடுகிறான். அவர் கரையில் கதிரையைப் போட்டுக்கொண்டு அவன் திரும்பி வருவான் என்று பார்த்திருக்கிறார்.