ஈயம் உறிஞ்சும் பம்பும் நான் சொல்லித்தராத பாடமும்

பதிவு கொஞ்சம் நீளம். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் வேலையில் இருப்பவர்கள் மட்டுமாவது கடைசிவரை படியுங்கள்.

போன வாரம் வீட்டு இன்வெர்ட்டர் போர்டைச் சரிசெய்ய அயனம்பாக்கத்தில் கடை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் போயிருந்தேன். பெயர் வேண்டாம். ஈயத்தை உருக்கினார், சக்கரை வைத்தார், ‘டப்’ என்று ஒரு சத்தம், ஓட்டை சுத்தமாகிவிட்டது. நாலு கால் எடுத்ததும் சக்கரைத் திறந்து மேசையில் தட்டினார். சாம்பல் நிறத்தில் தூளும் துணுக்கும் விழுந்தன. வாயால் ஊதித் தள்ளினார். அதே கையால் எனக்கு டீ டம்ளரை எடுத்துக் கொடுத்தார். மேசையின் அந்தக் கோடியில் அவர் மகள், இரண்டாம் வகுப்பு, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, இப்படி மேசையிலேயே தட்டுற?" என்றேன்.

"நீங்கதான் சார் சொல்லிக்கொடுத்தீங்க. அஞ்சு தடவைக்கு ஒரு தடவை தட்டணும்னு" என்றார் சிரித்துக்கொண்டே.

உண்மைதான், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் இந்தக் கருவி எப்படி வந்தது என்று பார்ப்போம். வால்வு ரேடியோ காலத்தில் சக்கர் தேவைப்படவில்லை. உள்ளே வயரும் தகட்டுக் கொக்கிகளும்தான். பார்ட் போய்விட்டால் சூடு காட்டி இழுத்தால் வந்துவிடும். லண்டனில் அகதியாக வாழ்ந்த ஆஸ்திரியப் பொறியாளர் பால் ஐஸ்லர் 1936-ல் செம்புத் தகட்டிலேயே சர்க்யூட்டை அச்சிடும் வழியைக் கண்டார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் அச்சிட்ட சர்க்யூட்டைப் பீரங்கிக் குண்டின் ஃபியூஸில் பயன்படுத்தியது. போர் முடிந்த பிறகு அது ரேடியோவுக்கும் டிவிக்கும் வந்தது.

அங்கேதான் ரிப்பேர்காரருக்குச் சிக்கல் தொடங்கியது. அச்சிட்ட போர்டில் கால் ஓட்டைக்குள் இறங்கி, சுற்றிலும் ஈயம் பிடித்திருக்கும். இரண்டு கால் ரெசிஸ்டரை எப்படியாவது எடுத்துவிடலாம். 14 கால், 16 கால் ஐசி வந்ததும் ஒரு காலைச் சூடாக்குவதற்குள் இன்னொன்று இறுகிவிடும். பலவந்தமாக இழுத்தால் செம்புத் தடம் பெயர்ந்து போர்டே வீண். போர்டைச் சூடாக்கி மேசை விளிம்பில் தட்டி உதறுவார்கள், ரப்பர் பல்பால் உறிஞ்சுவார்கள். அந்த நிலையில்தான் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் வைத்த கைப்பம்ப் வந்தது. அமெரிக்காவில் வில்லியம் ஃபார்ச்சூன் தொடங்கிய எட்சின் நிறுவனத்தின் ‘சோல்டாபுல்ட்’ பேர் வாங்கியது. இன்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சக்கர்கள் எல்லாம் அதே தத்துவத்தில் வேலை செய்பவைதான்.

நம் பக்கம் இது பரவியதற்கு டிவிதான் காரணம். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. 1982-ல் கலர் வந்தது. சாலிடேர், டயனோரா என்று சென்னைக் கம்பெனிகளின் பெட்டிகளே வீடு வீடாக நுழைந்தன. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி அயர்ன் பிடிக்கத் தெரிந்த கைகள் நிறைய இருந்தன. பகலில் கம்பெனி, மாலையில் திண்ணையில் டிவி ரிப்பேர் என்று வாழ்ந்த குடும்பங்களை நமக்கெல்லாம் தெரியும். 1978-ல் தமிழகத்தில் பிளஸ் டூ வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. அந்தப் பிரிவில்தான் உங்களுக்கு நான் வாத்தியார்.

வகுப்பில் சொன்ன பாடத்தில் சரியாக இருந்ததை முதலில் நினைவூட்டுகிறேன். சக்கரின் வேலை பலத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. உள்ளே முழு வெற்றிடமே இருந்தாலும் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்கு மேல் போகாது. திடீரென்று உள்ளே பாயும் காற்றுதான் உருகிய ஈயத்தை அள்ளிக்கொண்டு போகிறது. ஈயம் நொடியில் இறுகிவிடும் என்பதால், அயர்ன் முனை விலகுவதற்கு முன்பே சக்கர் மூக்கு அங்கே ஒட்டியிருக்க வேண்டும். பழைய ஈயம் உருக மறுத்தால் புது ஈயம் கொஞ்சம் சேர்த்து உருக்குங்கள், சுலபமாக வரும்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது மூக்கு. அது டெஃப்ளானாக இருந்தால் சூடு தாங்கும். சிலிக்கான் குழாய் மூக்கு இன்னும் நல்லது, வளைந்து காலைச் சுற்றி அணைத்துக்கொள்ளும். ஜப்பானின் ‘எஞ்சினியர்’ கம்பெனி சக்கரில் அப்படித்தான் இருக்கும். இரண்டாவது, பிஸ்டன் திரும்பும்போது கை உதறுகிறதா என்று பாருங்கள். அதிகம் உதறினால் மூக்கு போர்டில் இடித்துத் தடத்தைக் கெடுக்கும். மூன்றாவது, மூக்கும் ஓ-ரிங்கும் தனியாக வாங்கக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காத சக்கர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒரு வருடச் சரக்குதான். சிமாஸ் ஐசி வேலை அதிகம் என்றால் ஸ்டாட்டிக் பிடிக்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண பிளாஸ்டிக் குழாயில் பிஸ்டன் உரசும்போது ஸ்டாட்டிக் உண்டாகும், அது ஐசியைக் கொல்லும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிஸ்டனை அழுத்தி வைத்து, மூக்கை விரலால் மூடிக்கொண்டு பட்டனைத் தட்டுங்கள். விரலை இழுத்துப் பிடித்தால் சீல் நன்றாக இருக்கிறது. பிஸ்டன் தடையில்லாமல் ‘டப்’ என்று மேலே வந்துவிட்டால் காற்று கசிகிறது. பழைய சக்கருக்கும் இதே சோதனைதான். பெரும்பாலும் ஓ-ரிங்கைத் துடைத்துச் சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி தடவினால் உயிர் வந்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். இரண்டு நாள் வழுக்கும், பிறகு தூளோடு சேர்ந்து பசையாகிவிடும். உருகிப்போன மூக்கை பிளேடால் கொஞ்சம் சீவினால் இன்னும் சில மாதம் ஓடும்.

இதுவரை சொன்னதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே படித்ததுதான். இனி நான் விட்டுவிட்ட பாடம்.

நம் தமிழில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. வெள்ளீயம் ஒன்று, காரீயம் மற்றொன்று. பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயம். தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசினார்களே, அதுவும் வெள்ளீயம். சாப்பாட்டுப் பாத்திரத்துக்கே ஏற்ற உலோகம் என்பதால் ஈயம் என்றால் நமக்குப் பயம் வருவதில்லை. ஆனால் நாம் பயன்படுத்திய 60/40 கம்பியில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். கடையில் ‘சால்டரிங் லெட்’ என்று கேட்டுத்தான் வாங்கினோம். பெயரிலேயே லெட் இருந்தது. அறிவியல் சொல்லிக்கொடுத்த எனக்கே அது உறைக்கவில்லை.

காரீயம் நரம்பையும் மூளையையும் பாதிக்கும் நஞ்சு. பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் உடல் பெரியவர்களுடையதைவிட அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்ளும். பெட்ரோலில் இருந்து இந்தியா 2000-ல் காரீயத்தை நீக்கியது. ஐரோப்பாவில் 2006 ஜூலை 1 முதல் எலக்ட்ரானிக்ஸ் பொருட்களில் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. நம் மின்கழிவு விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன, அவற்றிலும் 0.1 சதவீத வரம்பு உண்டு. ஆனால் இந்தச் சட்டங்கள் புதுப் பொருளுக்குத்தான். ரிப்பேர் மேசைக்கு வருவது பழைய பொருள். அதில் இருக்கும் காரீயம் கடைசியில் வந்து சேருவது உங்கள் சக்கருக்குள்.

அயர்ன் புகையைப் பார்த்துப் பயப்படுவோம். அந்தச் சூட்டில் காரீயம் ஆவியாவது மிகக் குறைவு. புகை ஃபிளக்ஸுடையது, அது ஆஸ்துமாவுக்குக் கெடுதல், அதை மூச்சில் இழுக்காமல் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். காரீயம் உடம்புக்குள் போகும் முக்கிய வழி கை, வாய். சக்கரைத் தட்டும்போது விழும் தூள் விரலில் ஒட்டி, டீ டம்ளர் வழியாகவும் வடை வழியாகவும் உள்ளே போகிறது. பக்கத்தில் குழந்தை இருந்தால் அதன் பென்சிலில் ஒட்டி வாய்க்குப் போகிறது.

ஆகவே, இத்தனை வருடம் கழித்து வாத்தியார் திருத்தித் தரும் பாடம் இது. சக்கரை மூடி போட்ட டப்பாவுக்குள் மட்டும் காலி செய்யுங்கள். வாயால் ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ் போடாதீர்கள். ஈரத் தாளால் குழாயைத் துடைத்து, அந்தத் தாளையும் டப்பாவிலேயே போடுங்கள். டப்பா நிறைந்தால் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள், குப்பையில் வேண்டாம். சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வேலை மேசையில் டீ வேண்டாம், பிள்ளைகளின் புத்தகமும் வேண்டாம்.

பல வருடமாக இந்த வேலையில் இருப்பவர்கள் டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் காரீய அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். கடையில் பிள்ளைகள் புழங்கினால் அவர்களுக்கும் பார்த்துவிடுங்கள்.

அன்று அயனம்பாக்கம் கடையில் இதையெல்லாம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து மகளின் நோட்டுப் புத்தகங்களை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். மேசையை ஈரத்துணியால் துடைத்தார். "எங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும் சார்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் மேசை டிராயரில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. அதை எடுத்து, ‘காரீயம்’ என்று மார்க்கரில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்களோடு படித்தவர்களில் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால் தயவுசெய்து இதை அனுப்பி வையுங்கள். என்னிடம் எல்லோருடைய நம்பரும் இல்லை.

அன்புடன்,
உங்கள் சார்