பட்டிப்பொலப் பாதையிற் படைச்சுமை

இலங்கையின் மிகவுயர்ந்த புகையிரத நிலையம் பட்டிப்பொல. உயரம் 1,891 மீற்றர். அப்பாதையைச் சிற்றுருவில் அமைத்து, தட்டை வண்டியிற் படைவாகனம் ஏற்ற விழைவோர் முதலில் அளவிலேயே இடறுவர். ஆங்கில மாதிரித் தண்டவாளத்தின் அகலம் பெரும்பாலும் 16.5 மில்லிமீற்றர், எமது ஐந்தரையடிப் பாதையை 76இல் ஒரு பங்காகக் குறுக்கினால் 22 மில்லிமீற்றர் வேண்டும். ஒடுங்கிய தண்டவாளத்தில் நிற்கும் வண்டி எம் மலைநாட்டு வண்டியாகாது.

அளவு பொருந்தியபின், ஏற்றுவது எதனை என்பதே வரலாற்று வினா. 1893இல் அப்புத்தளையையும் மறுவருடம் பண்டாரவளையையும் எட்டிய இவ்வழியாகத்தான், 1900 முதல் தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்ட போயர்கள் ஆயிரக்கணக்கில் தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பட்டிப்பொல கண்ட படைச்சுமையில் மனிதரும் அடங்குவர் என்பதைப் பொம்மைப் பீரங்கிகள் மறைத்துவிடுகின்றன. அம்முகாமின் கொட்டகைகள் நெளிதகட்டால் ஆனவை. ஆகவே என் தட்டை வண்டியில் தாங்கியை ஏற்றாது நெளிதகடுகளை அடுக்கி, பின்னே பயணிகள் பெட்டிகள் இரண்டைக் கோத்துள்ளேன்.