‘ஹேண்ட்ஸி’ என்றால் என்ன? எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது?

ஆங்கிலப் பேச்சு வழக்கில் புழங்கும் பெயரடைகளுள் ஒன்று ‘ஹேண்ட்ஸி’. கைகளைக் குறிக்கும் ‘ஹேண்ட்ஸ்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. பிறரை, பெரும்பாலும் அவர்களுக்கு விருப்பமில்லாத வகையில், அடிக்கடி தொடுபவரை இது குறிக்கும்.

பயன்பாடு

‘கெட்’ என்ற வினையுடன் இது மிகுதியாக வரும். ‘ஹி காட் ஹேண்ட்ஸி வித் ஹெர்’ என்றால், ‘அவன் அவளைத் தொட்டு அத்துமீறினான்’ என்று பொருள். ஆண், பெண் இருபாலருக்கும் இச்சொல் பொருந்தும்.

குழப்பம் தரும் சொற்கள்

* ஹேண்டி: கைக்கு உதவியான, பயனுள்ள. ஓர் எழுத்து மாறினால் பாராட்டு பழியாகிவிடும்.
* ஹேண்ட்ஸ்-ஆன்: நேரடியாக ஈடுபட்டுச் செய்யும், செயல்முறை சார்ந்த.
* டச்சி: எளிதில் மனம் புண்படும். பிறரைத் தொடும் பழக்கத்தை இது பொதுவாகக் குறிப்பதில்லை.
* டச்சி-ஃபீலி: அன்பைத் தொட்டு வெளிப்படுத்தும். சூழலைப் பொறுத்து நல்ல பொருளும் தரும்.

தமிழில் எப்படிச் சொல்வது?

‘கை நீளம்’ என்று மொழிபெயர்த்தால் திருட்டுப் பழக்கம் என்றாகிவிடும். ‘தொட்டுத் தொட்டுப் பேசுபவர்’ என்பது ஓரளவு பொருந்தும். செய்திகளில் இடம்பெறும் ‘சில்மிஷம்’ என்ற சொல் நெருங்கி வந்தாலும், நடந்ததை விளையாட்டுபோல் காட்டிவிடுகிறது. ‘ஹேண்ட்ஸி’யிலும் இதே குறை உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, விருப்பமற்ற உடல் தொடுதலைத் துன்புறுத்தல் என்றே வரையறுக்கிறது. பாதிக்கப்பட்ட பெண், சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் எழுத்து மூலம் புகார் அளிக்கலாம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதங்கள் வரை அவகாசம் நீட்டிக்கப்படலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆவது பிரிவின்படி, பாலியல் நோக்கத்துடன் விருப்பத்திற்கு மாறாகத் தொடும் ஆணுக்கு 3 ஆண்டுகள் வரை கடுங்காவல் சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

எனவே, நண்பர்களுடனான பேச்சில் ‘ஹேண்ட்ஸி’ என்ற சொல் போதும். புகார் மனுவில் அது போதாது. யார், எப்போது, எங்கே, எவ்வாறு தொட்டார், அது தமக்கு விருப்பமற்றது என்பதை நேரடியான சொற்களில் எழுதுவதே சரி.