லேடாங் மலைக்கு ‘ஓப்பீர்’ என்ற பெயர் எப்படி வந்தது?

தங்காக், சாகில் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் குனோங் லேடாங்கை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1,276 மீட்டர் உயரம். ஜொகூரில் இதைவிட உயர்ந்த மலை கிடையாது. தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ என்ற மலாய்ச் சொல்லோடு இதன் பெயரைக் குழப்பிக்கொள்பவர்கள் நம்மவர்களில் உண்டு. இரண்டும் வேறு.

ஆங்கிலேயர் காலப் புத்தகங்களில் இதே மலை ‘மவுண்ட் ஓப்பீர்’. இது அரபுப் பெயரா என்று சிலர் கேட்பார்கள். ஜொகூரில் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. மாநிலத்தின் சிறப்புப் பெயரான ‘டாருல் தக்சிம்’ அரபு. ‘ஜொகூர்’ என்பதே மாணிக்கத்தைக் குறிக்கும் ‘ஜவ்ஹர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பதுதான் பரவலான விளக்கம். மலாய் மொழியும் பல நூற்றாண்டுகள் அரபு எழுத்தைத் தழுவிய ஜாவியில்தான் எழுதப்பட்டது.

ஆனால் ஓப்பீர் வந்த வழி வேறு. அது பைபிளில் உள்ள எபிரேயப் பெயர். சாலமோன் மன்னரின் கப்பல்கள் ஓப்பீருக்குப் போய் 420 தாலந்து பொன் கொண்டுவந்ததாக அதில் இருக்கிறது. ஆதியாகமத்தில் ஓப்பீர் ஒரு மனிதரின் பெயராகவும் வருகிறது. அவருடைய தந்தை யொக்தான், தென் அரேபியக் குலங்களின் மூதாதை எனக் கருதப்படுபவர். இதனால் ஓப்பீர் அரேபியாவில்தான் இருந்தது என்பார் பலர். அந்த அளவுக்கு அரபுத் தொடர்பு உண்டு.

அப்படியானால் தங்காக்குக்கு அது எப்படி வந்தது? எல்லாம் பொன் செய்த வேலை. கிரேக்க அறிஞர் தாலமியின் நூலில் வரும் ‘பொன் தீபகற்பம்’ நம் மலாயாதான் என்று கருதிய ஐரோப்பியர், இம்மலையடிவாரத்திலும் பொன் கிடைப்பதைக் கண்டு பைபிள் பெயரைச் சூட்டினார்கள். சுமத்ராவின் தலாமாவ் மலைக்கும் அவர்கள் இதே பெயரை வைத்தார்கள். ஆகவே பெயரை மட்டும் காட்டி, ‘சாலமோன் இங்கேதான் பொன் எடுத்தார்’ என்று சொல்ல முடியாது.

இதில் தமிழுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சாலமோனின் கப்பல்களில் வந்த மயிலுக்கு எபிரேயத்தில் ‘துக்கி’ என்ற சொல் உள்ளது. அது நம் ‘தோகை’தான் என்ற கருத்தை, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும் எடுத்துரைத்தார். மறுப்பவர்களும் உண்டு. யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், ஓப்பீர் இந்தியாவில் இருப்பதாகவே எழுதினார்.

மலாய்க்காரர்களுக்கு இது இளவரசியின் மலை. ‘செஜாரா மெலாயு’ நூலின்படி, மலாக்கா சுல்தான் மாமூட் ஷா பெண் கேட்டபோது, லேடாங் இளவரசி மலாக்காவிலிருந்து மலை வரை ஒரு பொன் பாலமும் ஒரு வெள்ளிப் பாலமும் கேட்டாள். கொசு ஈரல் ஏழு தட்டு, ஒரு தாழி கண்ணீர் என்று பட்டியல் நீண்டது. கடைசியில் சுல்தானின் இரத்தம் ஒரு கிண்ணம், அவர் மகனின் இரத்தம் ஒரு கிண்ணம். மற்ற எல்லாவற்றையும் கொடுக்கத் துணிந்தவர் மகனின் இரத்தத்துக்கு முன் நின்றுவிட்டார். பெண்ணை வேண்டாம் என்று சொல்ல வைக்க இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி ஏது?

1854இல் ஆல்பிரட் ரசல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் இதில் ஏறினார். பொன்னைத் தேடி அல்ல, பூச்சியையும் பறவையையும் தேடி. வழியில் தண்ணீர் கிடைக்காமல் தவித்தபோது, ‘பெரியோக் கெரா’ எனப்படும் குடுவைச் செடியில் தேங்கிய நீரைக் குடித்தார். பூச்சிகள் மிதந்தாலும் சுவை நன்றாகவே இருந்ததாம்.

இன்று இப்பகுதி தேசியப் பூங்கா. சாகில் பக்கமிருந்து ஏறுபவர்கள் முன்பதிவும் வழிகாட்டியும் இல்லாமல் போகக்கூடாது. பூங்காவும் நாடாளுமன்றத் தொகுதியும் லேடாங் என்ற பெயரையே தாங்கியிருக்கின்றன. ஓப்பீர் இப்போது பெரும்பாலும் பழைய வரைபடங்களில்தான்.