இரவல் இயந்திரம்

மோட்டார் கார் பிறந்த அதே ஆண்டில், அதே பட்டறையில், அதே இயந்திரத்தைக் கொண்டே மோட்டார் படகும் பிறந்தது என்ற விஷயத்தை, கார்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அநேகமாக ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். 1886-ஆம் ஆண்டில், ஜெர்மனியிலுள்ள கான்ஸ்டாட் நகரில், காட்லீப் டைம்லரும் அவருடைய சகாவான வில்ஹெல்ம் மைபாக்கும், தாம் புதிதாகச் செய்திருந்த ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் இயந்திரத்தை ஒரு குதிரை வண்டியில் பொருத்திப் பார்த்ததோடு நில்லாமல், ஒரு சிறு படகிலும் பொருத்தி நெக்கார் ஆற்றில் ஓட்டினார்கள். பெட்ரோல் எந்த நேரமும் வெடித்துவிடும் என்று ஜனங்கள் அஞ்சிய காலம் அது. ஆகவே படகைச் சுற்றிக் கம்பிகளையும் பீங்கான் குமிழ்களையும் கட்டி, மின்சாரத்தால் ஓடும் படகுபோலும் என்று கரையில் நிற்பவர்கள் எண்ணிக்கொள்ளும்படி டைம்லர் செய்துவிட்டாராம். இதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த ஜனங்களுடைய அச்சம் வெறும் பேதைமையன்று என்பதற்குப் பிற்காலத்துப் படகுத்துறைகள் பல சாட்சி சொல்லியிருக்கின்றன.

மெதுவாகச் செல்லும் மீன்பிடிப் படகுகளுக்கும் சரக்குப் படகுகளுக்கும் தனியாக இயந்திரம் செய்தவர்கள் ஆரம்ப முதலே உண்டு. வேகத்தை நாடிய படகு மாத்திரம் தன் இயந்திரத்தை எப்போதும் வேறொரு வீட்டிலிருந்துதான் இரவல் வாங்கி வந்திருக்கிறது. பத்திரிகை அதிபர் ஆல்ஃப்ரெட் ஹார்ம்ஸ்வொர்த் ஏற்படுத்திய சர்வதேசக் கோப்பைக்காக 1903-இல் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் நடந்த முதற்போட்டியில் வென்றது, நேப்பியர் கார்களைச் செய்த அதே கம்பெனியின் இயந்திரம் பூட்டிய படகு. அதைச் செலுத்தியவர் டாரதி லெவிட் என்ற இளம் பெண்மணி. கோப்பையில் பொறிக்கப்பட்டதோ, படகின் சொந்தக்காரரும் நேப்பியர் கார்களின் வியாபாரியுமான எஸ். எஃப். எட்ஜின் பெயர். இயந்திரம் மட்டுமல்ல, கீர்த்தியும் அன்றைக்குக் கைமாறித்தான் போயிற்று.

இந்த இரவல் வழக்கம் ஒரு பெரிய தொழிலாக வளர்ந்த இடம் அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரைச் சுற்றியுள்ள நீர்நிலைகள். கார்த் தொழிலின் தலைநகரம் ஓர் ஆற்றங்கரையில் அமைந்ததும், அந்த ஆறு மேலே செயின்ட் கிளேர் என்ற ஏரியோடும், அதற்கும் மேலே அல்கோனாக் என்ற சிற்றூரின் படகுப் பட்டறைகளோடும் இணைந்திருந்ததும் தற்செயல்தான்; ஆனால் அந்தத் தற்செயல் இல்லாவிட்டால் இந்தக் கதையின் பாதி நடந்திராது. அல்கோனாக்கில் படகு கட்டிக்கொண்டிருந்த கிறிஸ் ஸ்மித் என்பவரையும், பாரவண்டியின் பின்பகுதியை எண்ணெயழுத்தத்தால் தூக்கிச் சரிக்கும் கருவியைக் கண்டுபிடித்துப் பெருஞ் செல்வம் சேர்த்திருந்த கார் வுட் என்பவரையும், 1916-ஆம் ஆண்டில் ‘மிஸ் டெட்ராய்ட்’ என்ற பந்தயப் படகு ஒன்று சேர்த்துவைத்தது. மறு ஆண்டில் அமெரிக்கா ஐரோப்பிய யுத்தத்தில் இறங்கிற்று.

யுத்தத்துக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆகாய விமானங்களுக்கு உடனடியாக ஓர் இயந்திரம் வேண்டும் என்று அரசாங்கம் கேட்டபோது, பாக்கார்ட் கார்க் கம்பெனியின் ஜெஸ்ஸி வின்சென்ட்டும், ஹால்–ஸ்காட் கம்பெனியின் எல்பர்ட் ஹாலும் வாஷிங்டனில் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, ஐந்தே நாட்களில் அதன் வரைபடங்களைப் போட்டுக் கொடுத்தார்கள். ‘லிபர்ட்டி’ என்று பெயரிடப்பட்ட அந்தப் பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரம் சுமார் 400 குதிரைசக்தி தருவது. பாக்கார்ட், லிங்கன், ஃபோர்டு முதலிய கார்த் தொழிற்சாலைகளில், கார்களைச் செய்யும் முறையிலேயே செய்யப்பட்டது. ஆகையால் அது பிறந்தது ஆகாயத்துக்கென்றாலும், குலமுறையில் கார் இயந்திரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். மொத்தம் 20,000-க்கு மேல் உற்பத்தியாயின. ஆனால் 1918 நவம்பரில் யுத்தம் நின்றுவிட்டது. பூட்ட விமானமில்லாத இயந்திரங்கள் பெட்டி பெட்டியாகக் கிடங்குகளில் கிடந்தன. அரசாங்கம் அவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிட்டது. கார் வுட் அவற்றை ஏராளமாக வாங்கினார். கிறிஸ் ஸ்மித்தும் அவருடைய பிள்ளைகளும், பிற்பாடு ‘கிறிஸ்–கிராஃப்ட்’ என்று உலகப் பிரசித்தி பெற்ற தங்கள் படகுகளுக்கு, அதேபோல் மிஞ்சிக் கிடந்த கர்ட்டிஸ் விமான இயந்திரங்களை வாங்கிக்கொண்டார்கள். மலிவு என்ற ஒரே காரணத்தால் ஒரு தொழில் உருவான விதத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

பிறகு நடந்தவை பத்திரிகைகளுக்குத் தீனியாயின. 1920-இல் வுட் இரண்டு லிபர்ட்டி இயந்திரங்களைப் பூட்டிய ‘மிஸ் அமெரிக்கா’வைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஹார்ம்ஸ்வொர்த் கோப்பையைப் பறித்துக்கொண்டு வந்தார்; 1925-இல் ஆல்பனியிலிருந்து நியூயார்க் வரை ஹட்ஸன் நதியோரமாக ஓடும் புகழ்பெற்ற விரைவு ரயிலோடு போட்டியிட்டு அதை முந்தினார்; 1932-இல் நான்கு பாக்கார்ட் விமான இயந்திரங்கள், அதாவது நாற்பத்தெட்டு சிலிண்டர்கள், பூட்டிய ‘மிஸ் அமெரிக்கா X’ என்ற படகில் அல்கோனாக் நீரில் மணிக்கு 124 மைலுக்கு மேல் சென்றார். இந்தக் காட்சிகளில் எனக்கு அவ்வளவாக மனம் லயிப்பதில்லை. பணமும் இயந்திரமும் கணக்கில்லாமல் உள்ளவன் ஜயிப்பதில் என்ன அதிசயம்? டெட்ராய்ட்டில் நடந்துவந்த தங்கக் கோப்பைப் போட்டியின் நிர்வாகிகளுக்கும் இதே அபிப்பிராயம் இருந்திருக்க வேண்டும். 1922-இல் 625 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இயந்திரம் கூடாது என்று விதித்து, வுட்டின் ராட்சதப் படகுகளைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த ஆண்டு கோப்பையை வென்றவர் யாரென்று பார்த்தால், லிபர்ட்டி இயந்திரத்தை வரைந்த அதே ஜெஸ்ஸி வின்சென்ட்!

லிபர்ட்டியின் மறுபக்கத்து வாழ்க்கை சற்று இருட்டானது. மதுவிலக்குச் சட்டம் அமெரிக்காவில் அமுலில் இருந்த 1920 முதல் 1933 வரையில், டெட்ராய்ட் ஆற்றின் எதிர்க்கரை கானடாவாக இருந்தது கள்ளச்சரக்குக்காரர்களுக்குப் பெரும் சௌகரியம். மலிவாகக் கிடைத்த லிபர்ட்டி இயந்திரத்தைத் தாழ்ந்த, கறுப்புச் சாயம் பூசிய படகில் பூட்டினால், சர்க்கார் ரோந்துப் படகு கண்ணால் பார்க்கலாமே தவிரப் பிடிக்க முடியாது. வேகப் படகை நிறையக் கட்டிப் பழகியவர்களில் சிலருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது இந்த வியாபாரந்தான் என்பதைத் தொழிலின் மரியாதைப்பட்ட சரித்திரங்கள் அடக்கியே வாசிக்கின்றன.

இவ்வளவுக்கும் நடுவே, பந்தயமும் கள்ளக்கடத்தலும் அறியாத மீனவர்கள், அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையெங்கும், ஓடாமற்போன பழைய காரின் இயந்திரத்தைக் கழற்றித் தம் படகில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனிகளும் இதைக் கவனித்தன. கிரைஸ்லர் 1927-இலேயே தன் கார் இயந்திரத்தைப் படகுக்கேற்ப மாற்றி விற்க முற்பட்டது.

உண்மையான திருப்பம் 1955-இல் வந்தது. அந்த ஆண்டு ஷெவர்லே கம்பெனி, எட் கோல் என்ற பொறியியல் நிபுணரின் தலைமையில் செய்த 265 கன அங்குல எட்டுச் சிலிண்டர் இயந்திரத்தை வெளியிட்டது. சுவர்களை மெல்லியதாக வார்த்து எடையைக் குறைத்திருந்தார்கள்; உதிரிபாகம் எங்கும் கிடைத்தது; திறந்து மாட்டத் தெரிந்தவன் ஊருக்கு ஊர் இருந்தான். இதோடு ஒரு புதிய இணைப்பும் சேர்ந்துகொண்டது. இயந்திரத்தைப் படகின் உள்ளே பின்கோடியில் வைத்து, புரொப்பெல்லரை மாத்திரம் வெளியே ஒரு காலில் தொங்கவிட்டு, அந்தக் காலையே திருப்பிப் படகைச் செலுத்தும் முறையை 1959-இல் வால்வோ பென்டாவும், 1961-இல் ‘மெர்குரூஸர்’ என்ற பெயரில் விஸ்கான்ஸின் மாகாணத்து மெர்க்குரி கம்பெனியும் கடைக்குக் கொண்டுவந்தன. மெர்க்குரியின் ஸ்தாபகர் கார்ல் கீக்ஹேஃபர் ஒரு விசித்திரப் புருஷர்: தமது படகு மோட்டார்களுக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று 1955-லும் 1956-லும் கிரைஸ்லர் கார்களை வைத்து நாஸ்கார் பந்தயச் சாம்பியன் பட்டத்தையே வென்றவர், போட்டிக் கம்பெனிகள் எட்டிப் பார்க்காதபடி ஃப்ளாரிடாவில் ஓர் ஏரியைப் பிடித்து, அதற்கு ‘லேக் எக்ஸ்’ என்று பெயரிட்டு, அங்கே தம் படகுகளைப் பரீட்சை செய்தவர்.

கார் வாங்காமல் இயந்திரத்தை மட்டும், மரப்பெட்டியில் அடைத்தபடி தொழிற்சாலையிலிருந்து நேரே வாங்கலாம் என்ற சௌகரியமும் இதன் பிறகு பரவிற்று. அந்தப் பெட்டி இயந்திரங்களில், அதாவது ‘கிரேட் எஞ்சின்’களில், பந்தயக் கார்களுக்கென்றே அமைந்த உக்கிரமான ரகங்கள் உண்டு. அவற்றின் குதிரைசக்தி எண்ணைப் பார்த்து மயங்கிய படகுக்காரர் கணக்கற்றவர்; மயங்கியவர்களுக்கு நீர் கற்பித்த பாடத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சமதரைச் சாலையில் மணிக்கு 60 மைல் செல்லும் கார், தன் இயந்திரத்தின் சக்தியில் ஏறத்தாழ 20, 30 குதிரைசக்தியைத்தான் செலவிடுகிறது. மிச்சமெல்லாம் முந்திச் செல்லும் ஒரு நிமிஷத்துக்காகச் சும்மா இருப்பது. இறக்கத்தில் காலை எடுத்தால் கார் தானே உருளும். நீரில் இறக்கம் என்பதே கிடையாது. படகின் இயந்திரம், நாள் முழுவதும் மேட்டிலேயே பாரம் இழுக்க விதிக்கப்பட்ட வண்டிமாடு. புரொப்பெல்லரின் சுழற்சி இரட்டித்தால் அதற்கு வேண்டிய சக்தி சுமார் எட்டு மடங்காகிறது. மாற்றிப் போட்டு மூச்சு வாங்க கியரும் கிடையாது. ஆகவே உச்ச வேகத்தில் அதிக எண் காட்டும் இயந்திரத்தைவிட, நடுத்தரச் சுழற்சியில் விடாப்பிடியாக இழுக்கும் இயந்திரமே படகுக்கு உகந்தது.

அடுத்தது புகைக்குழாய். படகில் அதைக் குளிர்விக்க, ஏரித் தண்ணீரையே புகையோடு கலந்து வெளியே விடுகிறார்கள். பந்தயக் காரின் கேம்ஷாஃப்டோ, உள்வாங்கும் வால்வும் வெளிவிடும் வால்வும் ஒரே சமயத்தில் வெகுநேரம் திறந்திருக்கும்படி கடையப்பட்டிருக்கும்; மெதுவாக ஓடும்போது, வெளியே போக வேண்டிய காற்று ஒரு கணம் பின்னோக்கி இழுக்கப்படும். காரில் அதனால் ‘லொட லொட’ என்ற சத்தம் எழும். இளைஞர்கள் அதை ரசிப்பார்கள். படகில் அந்த மூச்சோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் ஏறுகிறது. இரவெல்லாம் அது வால்வு உட்காரும் இடத்தில் துருவேற்றும். கொஞ்சம் அதிகமாகச் சேர்ந்துவிட்டால், காலையில் ஸ்டார்ட்டரை அழுத்தியதும், அமுங்க மறுக்கும் தண்ணீரின்மேல் பிஸ்டன் மோதி, கனெக்டிங் ராடு வளைந்து நிற்கும். ஆகவே பெட்டியைத் திறந்தவுடன் அறிந்தவர் செய்யும் முதற்காரியம், அந்தக் கேம்ஷாஃப்டை எடுத்து வைத்துவிட்டு, வால்வுகள் அவ்வளவு கூடித் திறவாத வேறொன்றைப் போடுவது.

கடல்நீரின் குறும்பு தனி. இயந்திர வார்ப்பிலுள்ள துளைகளை மூடும் எஃகு அடைப்பான்களை அது அரித்துவிடும் என்று பித்தளையில் போடுகிறார்கள். சூடு ஏறினால் உப்புப் படியும் என்று, கடல்நீரே நேராகச் சுற்றும் இயந்திரத்தைக் காரில் ஓடும் வெப்பத்துக்கு வெகு கீழே, சுமார் 60 பாகையில், ஓட்டுகிறார்கள்.

இவையெல்லாம் பணத்தோடு போகும் நஷ்டங்கள். உயிரோடு போவது தீ. காரின் கீழே காற்று வீசுகிறது; கசிந்த பெட்ரோலின் ஆவி கலைந்துவிடும். படகின் அடிப்பள்ளமோ மூடிய கிண்ணம். காற்றைவிடக் கனமான அந்த ஆவி அங்கேயே தங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். கார் ஸ்டார்ட்டரும், ஆல்டர்னேட்டரும், டிஸ்ட்ரிபியூட்டரும் பொறி விடுவதில் சிறிதும் கூச்சப்படாதவை. கார்புரேட்டர் வாயில் தீத்தடுப்பு வலை இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸ் 1940-ஆம் ஆண்டின் மோட்டார் படகுச் சட்டத்திலேயே விதித்தது. பொறி வெளியேறாத உறையுள்ள மின்கருவிகள், நிரம்பி வழியும் பெட்ரோலைப் பள்ளத்தில் சிந்தாமல் தன் தொண்டைக்குள்ளேயே திருப்பிக்கொள்ளும் கார்புரேட்டர், சாவியைத் திருப்புமுன் நான்கு நிமிஷம் ஓடி ஆவியை வெளியேற்றும் விசிறி என்று பிற்பாடு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கான்ஸ்டாட் ஜனங்கள் அஞ்சியது இதற்குத்தான்.

இத்தனை இடையூறுகளுக்கிடையிலும் கார் இயந்திரம் கடலில் பெயர் எடுத்தது. 1960-இல் மயாமியிலிருந்து பஹாமா தீவுகளிலுள்ள நஸ்ஸாவுக்கு நடந்த பந்தயத்தில், ரே ஹன்ட் வகுத்த ஆழ்ந்த ‘வி’ வடிவ அடிப்பாகமும் இரண்டு லிங்கன் கார் இயந்திரங்களும் கொண்ட ‘மோப்பி’ என்ற படகில் டிக் பெர்ட்ராம், கொந்தளித்த கடலைச் சுமார் எட்டு மணி நேரத்தில் கடந்தார். அடுத்த படகு வந்து சேர இன்னும் இரண்டு மணி நேரம் ஆயிற்று. மற்றவை வந்தது மறுநாள். இவ்வகைப் பந்தயங்களில் சுக்கானைப் பிடிக்க ஒருவரும், வேகக் கைப்பிடிக்கென்றே இன்னொருவரும் அமர்வது பின்னர் சம்பிரதாயமாயிற்று: அலையின் முகட்டில் படகு அந்தரத்தில் எழும்பியவுடன் புரொப்பெல்லர் பிடிப்பற்றுத் தறிகெட்டுச் சுழலும்; அந்தக் கணத்தில் வேகத்தைத் தணித்து, மறுபடி நீரைத் தொடும் கணத்தில் கூட்டாவிட்டால், எந்தப் பெயர்பெற்ற இயந்திரமும் உடைந்துபோகும்.

மெர்க்குரி கம்பெனி 2014-இல், கார் வீட்டிலிருந்து இரவல் வாங்காமல், படகுக்கென்றே தான் வடித்த 4.5 லிட்டர் ஆறு சிலிண்டர் இயந்திரத்தை வெளியிட்டது. ஆனாலும் பெட்டி இயந்திரத்தின் மோகம் தணியவில்லை. காருக்கென்று விற்ற இயந்திரம் நீரில் இறங்கிய நிமிஷத்திலிருந்து அதற்கான உத்தரவாதம் பெரும்பாலும் செல்லாது என்று தெரிந்தும் வாங்குகிறார்கள். கேம்ஷாஃப்டையும் கார்புரேட்டரையும் மாற்றி, ஸ்டார்ட்டரைக் கழற்றி உறையிட்டது போட்டு, பித்தளை அடைப்பான்களைத் தட்டிப் பொருத்தி முடிக்கும்போது, முழுதும் படகுக்கென்றே தயாரான இயந்திரத்தின் விலை ஆகிவிடுவதும் உண்டு.